இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வெளியே உட்காரக் கூடாது
தமிழ் தலைவாஸ் தலைமைப் பயிற்சியாளருக்கு ஒரு திறந்த மடல்

மணமேல்குடி,
ஆகஸ்ட் 2025

மதிப்பிற்குரிய சஞ்சீவ் பாலியான் அவர்களுக்கு,

உங்களுக்குத் தமிழ் தெரியாது என்பதை அறிந்தேதான் தமிழில் எழுதுகிறேன். அணி முகாமில் யாராவது ஒருவர் படித்துச் சொல்வார் என்ற நம்பிக்கை இருக்கிறது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் பாக் நீரிணையை ஒட்டிய ஊர் எங்களுடையது. வடக்கே கட்டுமாவடி, தெற்கே கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். அந்த நாட்களில்தான் எங்கள் பக்கத்துப் பையன்கள் மணலை நிரவி, சுண்ணாம்புக் கோடு போட்டு, டியூப் லைட் கட்டி விடியவிடிய கபடி ஆடுவார்கள். நானும் அப்படி ஆடியவன். பதினைந்து வருடம் இடது கார்னரில் நின்று, ஏறி வருகிறவனின் கணுக்காலைப் பார்த்தே வளர்ந்தேன். இப்போது முட்டி ஒத்துழைக்கவில்லை, டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

வரும் 29ஆம் தேதி விசாகப்பட்டினத்தில் புரோ கபடியின் 12வது சீசன் தொடங்குகிறது. முதல் ஆட்டமே நம்முடையது, எதிரணி தெலுகு டைட்டன்ஸ். அந்த ஒரு இரவைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

சீசனில் நம் முதல் ஆட்டமே டைட்டன்ஸோடு அமைவது புதிதில்லை. 2017 ஜூலை 28, ஹைதராபாத். தமிழ் தலைவாஸ் என்ற அணி முதல் முறையாகக் களத்தில் கால் வைத்த நாள். 27க்கு 32 என்று அவர்களிடம் தோற்றோம். 2019இல் மறுபடியும் ஹைதராபாத், மறுபடியும் அவர்கள். 39-26 என்று வென்றோம். 2021 டிசம்பரில் 40-40, சமன். போன வருடம் 44-29, வெற்றி. இப்போது ஐந்தாவது தடவை.

இதில் 2019ஐக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். டைட்டன்ஸின் செல்லப்பிள்ளையாக இருந்த ராகுல் சௌத்ரி அந்த வருடம் நம் அணிக்கு வந்திருந்தார். பழைய அணிக்கு எதிராகவே பாடிப் போய்ப் புள்ளிகளை அள்ளி வந்தார். ஊரே பட்டாசு வெடித்தது. அந்த சீசன் முடியும்போது பன்னிரண்டு அணிகளில் நாம் பன்னிரண்டாவது. முந்தைய வருடமும் அதே கதைதான்: முதல் ஆட்டத்தில் பாட்னாவை 42-26 என்று வீழ்த்திவிட்டு எங்கள் பிரிவில் கடைசிக்குப் போனோம். ஆகையால் முதல் நாள் வெற்றி கண்டு மயங்குகிற பழக்கம் எங்களுக்குப் போய்விட்டது. ஜெயித்தால் மட்டும் போதாது, எப்படி ஜெயிக்கிறோம் என்று பார்க்கத் தொடங்கிவிட்டோம்.

இந்த முறையும் அதே மாதிரி ஒரு சூழ்நிலை அமைந்திருக்கிறது. கடந்த இரண்டு சீசன் டைட்டன்ஸுக்கு ஆடிய பவன் ஷெராவத் இப்போது நமக்குக் கேப்டன். துணைக் கேப்டன் அர்ஜுன் தேஸ்வால், ஏலத்தில் 1 கோடியே 40 லட்சத்துக்கு மேல் கொடுத்து எடுத்தவர். 2022இல் ஜெய்ப்பூர் கோப்பையை வென்றபோது நீங்கள் பயிற்சியாளர், அர்ஜுன் 296 ரெய்டு புள்ளிகளோடு முதலிடம். அவரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. பவனும் ஒரே ஆட்டத்தில் 39 ரெய்டு புள்ளிகள் எடுத்த மனிதர். இப்படிப்பட்ட இரண்டு பேர் ஒரே சட்டை போட்டு நிற்பதைப் பார்க்கிறவர்கள், எதிரணியின் கதை முடிந்தது என்றுதான் நினைப்பார்கள். எனக்கு அங்கேதான் பயம்.

பயத்துக்குக் காரணம் 2022. அந்த வருடம் 2 கோடியே 26 லட்சம் கொடுத்து பவனை வாங்கினோம். முதல் ஆட்டத்திலேயே, எதிரணி ரெய்டரை மடக்கப் போன இடத்தில், முட்டியில் அடிபட்டு வெளியே போனார். சீசன் முழுக்க அவர் இல்லை. எங்கள் டீக்கடையில் அன்றைக்கு யாரும் பேசவில்லை. ஆனால் நடந்தது என்ன? தலைவாஸ் வரலாற்றில் முதல் முறையாகப் பிளே-ஆஃப் போனது அந்த வருடம்தான். யு.பி. யோதாஸை டை-பிரேக்கரில் வென்று, அரையிறுதியில் புனேயிடம் 37க்கு 39 என்று இரண்டே புள்ளியில் தோற்றோம். நரேந்தர் என்ற புதுப்பையன் 243 ரெய்டு புள்ளிகள் எடுத்தான், அது உண்மை. அவன் அவுட்டாகி உட்கார்ந்திருந்த நேரத்தில் ஆட்டத்தைத் தாங்கியது யார்? சாகர் ராத்தி, சாஹில் குலியா, அபிஷேக், மோஹித். கார்னரும் கவரும் கைகோத்து நின்றார்கள். எதிராளி பாடி வரும்போது நான்கு பேரும் ஒரே மூச்சாக அசைந்தார்கள். பெரிய நட்சத்திரம் இல்லாத வருடத்தில்தான் எங்களுக்கு ஓர் அணி கிடைத்தது. அதற்குப் பின் வந்த இரண்டு சீசன்களில் ஒன்பதாம் இடத்தைத் தாண்ட முடியவில்லை.

அதனால் ஐயா, டைட்டன்ஸ் ஆட்டத்துக்கான திட்டத்தைப் பிடிக்கிற ஆட்களிலிருந்து தொடங்குங்கள் என்று கேட்கிறேன். ரெய்டுக்கு உங்களிடம் ஆள் இருக்கிறது. அந்த ஆட்கள் அவுட்டாகும்போது அவர்களைத் திரும்ப உள்ளே கொண்டுவர யார் இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

டைட்டன்ஸ் பயிற்சியாளர் கிருஷன் குமார் ஹூடா போன சீசனில் பவனைக் கூடவே வைத்திருந்தவர். பவன் எந்தக் காலை ஊன்றினால் துள்ளப் போகிறார், எப்போது குனிந்து கைக்குக் கீழே நுழைவார், மூச்சு வாங்கினால் எந்தப் பக்கம் ஒதுங்குவார், எல்லாம் அவருக்கு மனப்பாடமாக இருக்கும். வலது கார்னரில் சுபம் ஷிண்டே நிற்கப் போகிறார். பாட்னாவுக்குக் கேப்டனாக இருந்து இறுதிப் போட்டி வரை போனவர், சுலபமாக ஏமாறமாட்டார். பழைய அணியை நொறுக்க வேண்டும் என்ற வேகத்தில் பவன் முதல் ரெய்டிலேயே ஆழமாகப் போனால், அது அவர்கள் விரித்து வைத்த வலைக்குள் தானாகப் போவதுபோல. எங்கள் கடலில் வலையைப் பார்த்த மீன் ஒதுங்கும். வேகமாக வருகிற மீன்தான் சிக்கும்.

முதல் பத்து நிமிடம் அர்ஜுன் முன்னால் போகட்டும். பவன் பாடிப் போனாலும் தடுப்புக்கோட்டை மட்டும் தாண்டி, ஆழமாகப் போகாமல் பார்த்துவிட்டுத் திரும்பட்டும். இரண்டு வெறும் ரெய்டு போனால் மூன்றாவது ‘டூ ஆர் டை’ என்பது தெரியும். அந்த மூன்றாவதற்கு நரேந்தரை அனுப்புங்கள். அவர் பிடிபட்டாலும் ஒரு புள்ளிதான் போகும். பவனும் அர்ஜுனும் உள்ளே இருப்பார்கள்.

ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த இருவரும் ஒரே நேரத்தில் வெளியே உட்காரக் கூடாது. ஒரு திருவிழாப் போட்டியில் எங்கள் அணிக்கு இது நடந்தது. எங்களிடம் இரண்டு பேர் இருந்தார்கள், அண்ணன் தம்பி, சுற்றுவட்டாரத்தில் அவர்களைப் பிடிக்க ஆளில்லை. இடைவேளைக்கு முன் ஒன்பது புள்ளி முன்னிலை. பிறகு அண்ணன் பிடிபட்டான். ஆத்திரத்தில் தம்பி உடனே ஏறினான், அவனும் பிடிபட்டான். உள்ளே இருந்த ஐந்து பேரும் பிடிக்கிறவர்கள். பாடத் தெரியாத நான் கூட ஒரு ரெய்டு போய்ப் பிடிபட்டேன். நான்கு நிமிடத்தில் ஆல் அவுட், அடுத்த ஆறு நிமிடத்தில் இன்னொன்று. கோப்பை பக்கத்து ஊருக்குப் போனது. அன்றிலிருந்து எங்கள் பக்கத்தில் ஒரு சட்டம்: ஒருத்தன் வெளியே போனால் மற்றவன் போனஸுக்கு ஆசைப்படக் கூடாது. போனஸ் புள்ளி கொடுக்கும், ஆளைத் திருப்பிக் கொண்டுவராது. தொட்டு வந்தால்தான் உட்கார்ந்திருப்பவன் எழுந்து வருவான். அர்ஜுனுக்குப் போனஸ் எடுப்பது கைவந்த கலை. பவன் வெளியே இருக்கும்போது மட்டும் அந்தக் கலையைக் கொஞ்சம் மறக்கச் சொல்லுங்கள்.

எதிர்ப்பக்கத்தில் நான் அஞ்சுவது விஜய் மாலிக்கை. பெரிய ஆர்ப்பாட்டம் கிடையாது, முகத்தில் ஒன்றும் தெரியாது. 2022 பிப்ரவரியில் டெல்லி 37-36 என்று கோப்பையை வென்ற இறுதி ஆட்டத்தில் 14 புள்ளிகள் அவருடையது. ஆட்டம் இறுகும்போதுதான் அவர் நன்றாக ஆடுவார். கூடவே உயரமும் நீண்ட கையும் உள்ள பரத். பரத் வரும்போது கவர் ஆட்கள் ஓரடி பின்னால் நிற்கட்டும், கைக்கு எட்டாத தூரத்தில். விஜய் வரும்போது யாரும் முந்திப் பாய வேண்டாம். அவசரப்பட்டுப் பாய்கிறவனைத்தான் அவர் தேடுவார். முப்பது நொடியும் பாடட்டும், வெறுங்கையோடு போகட்டும். மூன்றாவது ரெய்டில் அவர் உள்ளே வந்தே ஆக வேண்டும். அப்போது வலது கார்னரில் நிதேஷ் குமார் இருக்கிறார். ஒரே சீசனில் 100 டேக்கிள் புள்ளிகள் எடுத்த முதல் ஆள் அவர். கணுக்காலை அவர் பிடிக்கட்டும், ஆனால் அவர் கை பட்ட அதே நொடியில் கவர் வந்து இடுப்பை மூட வேண்டும். தனி ஆளாகப் பிடித்து நிறுத்துவது பார்க்க அழகு. அந்த அழகுக்காக எத்தனை புள்ளிகள் விட்டிருக்கிறோம் என்று கணக்குப் பார்த்தால் மனது தாங்காது.

பவனை மட்டும் அந்தப் பிடிக்குள் இழுக்காதீர்கள். 2022இல் அவர் முட்டி போனது பிடிக்கப் போன இடத்தில்தான். மூன்று பேர் மட்டும் உள்ளே இருந்து, சூப்பர் டேக்கிளில் இரண்டு புள்ளி கிடைக்கும் என்ற ஆசை வரும்போது கேப்டனுக்குக் கை துறுதுறுக்கும். அவர் ஓரமாக ஒதுங்கி நிற்கட்டும். இது நீண்ட சீசன், அவர் முட்டி எங்களுக்கு வேண்டும்.

இன்னொன்று. இந்த சீசனில் சமன் கிடையாது. வென்றால் 2 புள்ளி, தோற்றால் ஒன்றுமில்லை. நாற்பது நிமிடம் சமனில் முடிந்தால் அணிக்கு ஐந்து ரெய்டு, தடுப்புக்கோடே போனஸ் கோடாகிவிடும். 2021-22 சீசனில் ஆறு ஆட்டங்களைச் சமனில் முடித்த அணி இது, எங்களுக்கு அந்தத் தவிப்பு பழக்கம். ஐந்து ரெய்டுக்கு ஐந்து வேறுவேறு ஆட்கள் வேண்டும். அர்ஜுன், பவன், நரேந்தர் மூவர் பெயரைச் சிறுபிள்ளையும் சொல்லும். நான்காவதும் ஐந்தாவதும் யார்? அந்த இரண்டு பெயரையும் 29ஆம் தேதிக்கு முன்பே முடிவு செய்து, அந்த இரண்டு பேருக்கும் இப்போதே சொல்லிவிடுங்கள். கூப்பிடும்போது அவர்கள் திகைக்கக் கூடாது.

எங்கள் மண்ணிலிருந்து மணத்தி கணேசன் போனார், 1994 ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கி வந்தார். தஞ்சைப் பக்கத்துத் தர்மராஜ் சேரலாதன் பாட்னாவுக்குக் கேப்டனாக நின்று கோப்பையைத் தூக்கினார். கோப்பை தூக்கிய தமிழர் இருக்கிறார், தமிழ் என்ற பெயரோடு ஆடும் அணி இன்னும் தூக்கவில்லை. எட்டு வருடமாக இதைச் சுமந்துகொண்டு திரிகிறோம்.

வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்குக் கடைத்தெருவில் பெரிய திரை கட்டப் போகிறார்கள். மறுநாள் கடலுக்குப் போகிறவர்களும் இருப்பார்கள். உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: என்ன நடந்தாலும் ஒரு டைம்-அவுட்டைக் கடைசி ஐந்து நிமிடத்துக்கு மிச்சம் வையுங்கள். அந்த நேரத்தில் பவனையும் அர்ஜுனையும் கூப்பிடுவதற்கு முன்னால், பிடிக்கிற நான்கு பேரையும் பக்கத்தில் கூப்பிட்டுப் பேசுங்கள்.

இப்படிக்கு,
மணமேல்குடியிலிருந்து ஒரு பழைய இடது கார்னர்