இழுத்துடு பாஸ், அந்தக் கைப்பிடியை!

இந்த வாரம் நம்ம பட்டிமன்றத் தலைப்பு கொஞ்சம் உசரத்துல இருக்கு. 'குட்டி விமானங்களுக்கு பாராசூட் அவசியமா, ஆடம்பரமா?'

"அதான் பைலட் முதுகுல மாட்டிக்கிட்டுக் குதிப்பாரே"னு அவசரப்படாதீங்க. ஆளுக்கு இல்லீங்க, விமானத்துக்கே பாராசூட்! உள்ளே நாலு பேர் உட்கார்ந்திருக்க, முழு விமானமும் குடை பிடிச்ச மாதிரி மெதுவா இறங்கும். ரீல் இல்லை, ரியல்.

இந்த ஐடியாவை பிசினஸ் ஆக்கியவர் அமெரிக்காவின் மின்னசோட்டாவைச் சேர்ந்த போரிஸ் போபோவ். 1975-ல் ஹேங் கிளைடர் காலை வாரிவிட, சுமார் 400 அடி உயரத்துல இருந்து ஏரியில் விழுந்து, பிழைச்சு வந்தவர். அடிபட்டவனுக்குத்தானே வலி தெரியும்? 1980-ல் 'பாலிஸ்டிக் ரெக்கவரி சிஸ்டம்ஸ்' கம்பெனியை ஆரம்பிச்சார்.

அடுத்த ஹீரோ, ஆலன் கிளாப்மையர். 1985-ல் அவர் ஓட்டின விமானமும் இன்னொரு விமானமும் நடுவானத்துல மோதிக்கிச்சு. அந்த விமானி இறந்துட்டார். இறக்கையில ஒரு துண்டு போன நிலையில ஆலன் எப்படியோ தரையிறங்கினார். பிறகு தம்பி டேலோட சேர்ந்து நடத்தின 'சிரஸ்' கம்பெனியில், பாராசூட் இல்லாம விமானம் விக்கிறதில்லைனு முடிவெடுத்தாங்க. 1998-ல் அரசு சான்றிதழ் வாங்கின அவங்க 'எஸ்.ஆர்.20' விமானத்துல அது எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் இல்லை, கூடவே வர்ற அயிட்டம்.

எப்படி வேலை செய்யுது? விமானி தலைக்கு மேல, கூரையில ஒரு சிவப்புக் கைப்பிடி. இழுத்தா, பின்னாடி இருக்கிற குட்டி ராக்கெட் சீறிக்கிட்டுக் கிளம்பி, பாராசூட்டை வெளியே இழுத்துட்டுப் போகும். விமானத்தோட தோலுக்கு அடியில ஒளிஞ்சிருக்கிற பட்டைகள் கிழிச்சுக்கிட்டு வெளியே வரும். சில நொடிகள்ல சுமார் 55 அடி அகலக் குடை விரிஞ்சுடும். தரையைத் தொடும்போது அடி, சுமார் 13 அடி உயரத்துல இருந்து விமானத்தைக் கீழே போட்ட மாதிரி இருக்கும். சக்கரமும் சீட்டும் நசுங்கி அந்த அதிர்ச்சியை வாங்கிக்கும். விமானத்துக்கு சேதாரம், உள்ளே இருக்கிறவங்க முதுகெலும்பு பத்திரம்.

2002 அக்டோபர்ல டெக்சாஸ் மாநிலத்துல ஒரு சிரஸ் விமானம். சர்வீஸுக்குப் போயிட்டு வந்த வண்டி. நடுவானத்துல இறக்கையில் இருக்கிற ஒரு அசையும் பாகம் கழண்டு தொங்குச்சு. விமானி கைப்பிடியை இழுத்தார். மரங்களுக்கு நடுவுல விமானம் வந்து உட்கார்ந்துச்சு. அவர் உயிரோட இறங்கி வந்தார். சிரஸ் பாராசூட் காப்பாத்தின முதல் ஆள் அவர்தான். அதுக்கப்புறம் 200 பேருக்கு மேல அந்த வழியில இறங்கிட்டாங்க.

"அப்புறம் என்ன, எல்லா விமானத்துலயும் மாட்டிட வேண்டியதுதானே?" இருங்க, எதிரணி மைக் பிடிக்கட்டும்.

ஒண்ணு, எடை. பயிற்சிப் பள்ளிகள்ல அதிகம் பார்க்கிற செஸ்னா 172-ல பாராசூட் மாட்டினா சுமார் 35 கிலோ கூடும். அவ்வளவு பெட்ரோலையோ பெட்டியையோ கீழே இறக்கணும். விலையும் லட்சக்கணக்குல. சிரஸ்ல 10 வருஷத்துக்கு ஒருமுறை பாராசூட்டைப் பிரிச்சு மடிச்சு வைக்கணும், அதுக்குத் தனியா மொய்.

ரெண்டு, உயரம். நேராகப் பறக்கும்போது இழுத்தாலே பாராசூட் விரியறதுக்குள்ள சுமார் 400 அடி கீழே போயிடும். சுழன்று விழும்போது இழுத்தா 900 அடிக்கும் மேல. டேக் ஆஃப் ஆன உடனே பிரச்னைனா கும்பிடு போட வேண்டியதுதான்.

மூணு, இழுத்த பிறகு ஸ்டீயரிங் உங்க கையில இல்லை. காத்து எங்கே கொண்டுபோகுதோ அங்கேதான். மின்கம்பியா, ஆறா, நெடுஞ்சாலையா, உங்க ஜாதகம்!

நாலு, இன்ஜின் நின்னா விமானம் கல்லு மாதிரி விழாது. செஸ்னா 5,000 அடியில இருந்து கிட்டத்தட்ட 13 கிலோமீட்டர் மிதந்து போகும். நல்ல விமானிக்கு ஒரு வயல் போதும்.

பாயின்ட்ஸ் எல்லாம் ஓகேதான். ஆனா பகல் வெளிச்சமும் பச்சை வயலும் எல்லா நேரமும் கிடைக்குமா? ராத்திரி, மலை, காடு, கடல்... அங்கே எந்த வயலைத் தேடுவீங்க? விமானிக்கே மாரடைப்பு வந்தா, பக்கத்து சீட்ல இருக்கிற மனைவி விமானத்தை இறக்குவாங்களா? ஒரு கைப்பிடியை இழுக்க அவங்களால முடியும்.

இப்பதான் கதையில ட்விஸ்ட். பாராசூட் இருந்தும், ஆரம்ப வருஷங்கள்ல சிரஸ் விமானங்களோட விபத்துச் சாவுக் கணக்கு மத்த விமானங்களைவிட நல்லா இல்லை! காரணம், பல விபத்துகள்ல அந்தக் கைப்பிடியை யாருமே தொடலை. நேரமும் உயரமும் இருந்தும் தொடலை. "நான் பார்க்காத காத்தா? இறக்கிடுவேன்"ங்கிற நம்பிக்கை. "இவ்வளவு காசு போட்ட விமானம் வீணாயிடுமே"ங்கிற பதற்றம். இழுத்தா நாலு பேர் சிரிப்பாங்களோங்கிற கூச்சம்.

சிரஸ் உரிமையாளர் சங்கமும் கம்பெனியும் உட்கார்ந்து யோசிச்சாங்க. பயிற்சியை மாத்தினாங்க. சிமுலேட்டர்ல திரும்பத் திரும்பக் கையை மேலே கொண்டுபோய் இழுக்க வெச்சாங்க. எந்த உயரத்துல இழுக்கலாம்னு டேக் ஆஃபுக்கு முன்னாடியே வாய்விட்டுச் சொல்ல வெச்சாங்க. 'யோசிக்காதே, சீக்கிரம் இழு'ங்கிறதுதான் பாடம். 2014-ல் சிரஸ்ல உயிர்ப்பலி ஆன விபத்துகளைவிட, பாராசூட்டை இழுத்துப் பிழைச்ச சம்பவங்கள் அதிகம். பாராசூட் அதேதான். மாறினது மனுஷன் மனசு.

நம்ம ஊர்ல பெட்ரோல் டேங்க் மேல ஹெல்மெட்டை உட்கார வெச்சு வண்டி ஓட்டுற அண்ணன்களைப் பார்த்திருப்பீங்க. ஹெல்மெட் இருக்கு, தலையிலதான் இல்லை. அதே மேட்டர்தான்.

'அப்போ போயிங், ஏர்பஸ்ஸுக்கு?'னு கடைசி பெஞ்ச்ல இருந்து சவுண்ட் வருது. சிரஸ் ஒண்ணரை டன் சுமாருக்கு இருக்கும். ஏர்பஸ் ஏ320 எடை 70 டன்னைத் தாண்டும். அதுக்கேத்த குடை செஞ்சா, பயணிக்கு இடமிருக்காது. ஆனா சிரஸோட குட்டி ஜெட்டுக்கு மூக்குலயே பாராசூட் இருக்கு. 2022 செப்டம்பர்ல ஃப்ளோரிடாவுல அது விரிஞ்சு, உள்ளே இருந்தவங்க பிழைச்சாங்க.

சரி, நடுவர் தீர்ப்பு: புதுசா தயாராகிற நாலு சீட்டு விமானங்கள்ல பாராசூட் கட்டாயம் வேணும். ஜெர்மனியில ரொம்ப எடை குறைஞ்ச அல்ட்ராலைட் விமானங்களுக்கு ஏற்கெனவே கட்டாயம்தான். பழைய விமானங்களுக்கு உரிமையாளர் பர்ஸைப் பொறுத்து விட்டுடலாம். ஆனா, இழுக்கப் பழகாதவங்களுக்கு லைசென்ஸ்ல கையெழுத்துப் போடக் கூடாது. ஏன்னா, அது இல்லாம பாராசூட் வெறும் 35 கிலோ லக்கேஜ்!

விமானம் போனா இன்ஷூரன்ஸ் கம்பெனி அழட்டும். வீட்ல யாரும் அழக் கூடாது. அடுத்த வாரம் வேறொரு வம்போட வர்றேன். வர்ட்டா!