எந்தப் படத்தை ஒட்டுவது?



குடியரசு தினக் கண்காட்சிக்கு நான் கொடுத்த படங்களில் கொழுந்துக் கூடைப் படம் தேர்வாகியிருக்கிறது. சந்தோஷம்தான். ஆனால் அதை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

போன மே மாதம் தாத்தாவோடு இலங்கைக்குப் போனேன். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர் அவர். 1948-இல் வந்த குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். அந்த மக்களை யார் கேட்டார்கள்? 1973-இல் தாத்தா தலைமன்னாரில் கப்பல் ஏறினார். அவர் அண்ணன் அங்கேயே தங்கிவிட்டார். தாத்தாவின் காகிதத்தில் 'தாயகம் திரும்பியோர்' என்று இருக்கும். அதுவரை பார்த்தே இராத ஊருக்கு எப்படித் திரும்புவது? (கேட்டால் தாத்தா சிரிப்பார்.)

அங்கே செல்போனில் எழுபது படம் எடுத்தேன். முக்கால்வாசி கொழுந்து எடுக்கிற பெண்கள், பின்னால் பச்சை மலை. பெரிய தாத்தா மகள், எனக்கு அத்தை, வாங்கிப் பார்த்தார். "ஏம்மா, தேயிலைப் பாக்கெட்டுலயும் இதானே இருக்கு? இதுக்கா இவ்ளோ தூரம் வந்தே?" எனக்குச் சுருக்கென்றது.

பிறகு அவரே வீட்டுக்குள் கூட்டிப்போனார். அடுப்பில் ரொட்டி, அம்மியில் சம்பல், கொடியில் மகளின் வெள்ளைச் சீருடை. பெட்டியிலிருந்து அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். 2003-இல் சட்டம் வந்த பிறகுதான் கிடைத்ததாம். "இந்த போட்டோவுல சிரிக்கக் கூடாதுன்னுட்டாங்க. நீ எடு, சிரிக்கிறேன்" என்றார். தாத்தாவின் இளவயதுப் படமும் ஒன்றே ஒன்றுதான், பாஸ்போர்ட்டுக்கு எடுத்தது. அதிலும் சிரிப்பு இல்லை.

கொழுந்து எடுப்பதைக் குறைவாகச் சொல்லவில்லை. தாயகம் திரும்பியவர்களுக்காகவே தொடங்கிய டேன்டீயில்தானே நம்மில் பலருடைய பாட்டிமார் கூடை சுமந்தார்கள்! ஆனால் "உன் பாட்டியைக் காட்டு" என்றால் முகமே தெரியாத அந்தப் படத்தையா காட்டுவோம்? கீழே 'இலங்கை' என்றும் எழுதலாம், 'நீலகிரி' என்றும் எழுதலாம். யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

"அடுப்படிப் படத்துல நாடு எங்கே தெரியுது?" என்று தேர்வுக் குழுவில் கேட்டார்களாம். அத்தை கையில் இருக்கிற அட்டையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள்.

படத்தை மாற்றுவார்களோ என்னவோ. அத்தைக்கு இரண்டு பிரிண்ட் போட்டு அனுப்பிவிட்டேன். ஒன்றைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாராம்.

– பதினோராம் வகுப்பு மாணவி