பெயரிழந்த மலைத்தீவு

நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலமே தீவு என்று பள்ளிப் பிள்ளைகள் படிக்கின்றனர். நீர் சூழாமலே தீவாகி நிற்கும் நிலம் ஒன்றும் தமிழகத்தில் உண்டு. வெயிலில் வறளும் தாழ்நிலத்துக்கு மேலே, முகில் தவழும் உயரத்தில், தனிக் குளிரும் தனிப் புல்லும் தனி மரமும் தனிக் குடியும் கொண்டு விளங்கும் பழனிமலையே அது. இத்தகைய உயர்மலை நிலங்களை உயிரியலறிஞர் வான்தீவு என்றே வழங்குகின்றனர். இத்தீவுக்கு நேர்ந்த கேடுகள் பல. அவற்றுட் பலவற்றுக்கும் வேர் ஒன்றே: அதனை அதன் பெயரால் அழையாமை!

மேற்கே ஆனைமலைத் தொடரோடு தோள்கோத்து, ஏனைய மூன்று புறமும் தாழ்நிலம் சூழ, 2,000 சதுரக் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பில் இம்மலை கிடக்கின்றது. இதன் உயர்ந்த முடி 2,500 மீட்டரைக் கடந்தது. வடபால் பொருந்தலாறும் பாலாறும் குதிரையாறும் இறங்கி அமராவதியைச் சேர்கின்றன. தென்பாலும் கீழ்பாலும் வராகநதியும் மஞ்சளாறும் மருதாநதியும் இறங்கி வையையைச் சேர்கின்றன. அடிவார உழவன் உண்ணும் சோற்றில் இம்மலையின் நீர் கலந்திருக்கின்றது.

இம்மலை வெள்ளையர் வந்து 'கண்டுபிடித்த' வெற்றிடம் அன்று. அகநானூற்றில் மாமூலனார் பாடும் ஆவியரின் பொதினியே இன்றைய பழனி. மயிலுக்குப் போர்வை ஈந்த பேகன் அக்குடியினன். புறநானூற்றில் பெருந்தலைச் சாத்தனார் பாடிய கடிய நெடுவேட்டுவன் கோடைமலைத் தலைவன். அக் கோடை இக் கோடைக்கானல் மலையே என்பது அறிஞர் பலர் துணிபு. தாண்டிக்குடியிற் கற்றிட்டைகள் இன்றும் நிற்கின்றன. அடிவாரத்துப் பொருந்தலில் 2009, 2010 ஆம் ஆண்டுகளில் அகழ்ந்தபோது, தமிழெழுத்துப் பொறித்த மட்கலத்தாங்கியோடு கிடைத்த நெல், கி.மு. ஐந்தாம் நூற்றாண்டினது எனக் கணிக்கப்பட்டது.

மலைமேல் வாழ்வோர் யாவர்? தேனும் கிழங்கும் தொகுத்து வாழ்ந்த பளியர், புலையர், தாழ்நிலத்தினின்று சில நூற்றாண்டுகட்கு முன் ஏறிச்சென்று, சரிவுகளைப் படிப்படியாய் வெட்டிக் கழனியாக்கிய குன்னுவர். பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் முதலிய மேல்மலையூர்களில் விளையும் வெள்ளைப்பூண்டு, 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. கீழ்மலையிற் குளம்பியும் மிளகும் வாழையும் விளைகின்றன. உழைப்பு இவர்களுடையது, ஆனால் மலையைப் பற்றிய முடிவுகளோ என்றும் மலைக்குக் கீழேயே எடுக்கப்பட்டன.

1821-இல் ஆங்கிலப் படைத்துறை அளவையர் வார்டு ஏறிவந்து அளந்தார். 1845-இல் அமெரிக்கச் சமயப் பணியாளர் வெயிலுக்கும் நோய்க்கும் அஞ்சி இங்கு வீடு கட்டினர். 1863-இல் மதுரை மாவட்ட ஆட்சியராயிருந்த இலெவிஞ்சு ஏரியை அமைத்தார். 1899-இல் நகராட்சி தோன்றியது. வந்து தங்குவோர்க்காகவே எழுந்த ஊர் இது. ஆகலின் வந்தோர் பெயரே ஊரெங்கும் நின்றது. 1872-இல் பாதை அமைத்தவர் பெயரால் கோக்கர் நடை. காட்டு அலுவலர் பெயரால் பிரையண்டுப் பூங்கா. இவை வெள்ளையர் வைத்த பெயர்கள். விடுதலைக்குப் பின் தமிழர் வைத்த பெயர் யாது? வெள்ளையர் 'பேயின் அடுக்களை' என்ற பாறைப் பிளவுக்கு, 1991-இல் வெளிவந்த திரைப்படத்தின் பெயரே இன்று வழங்குகின்றது! அப்படம் வருமுன் பளியர் முதியோர் அவ்விடத்தை எவ்வாறு அழைத்தனர் என்று கேட்டார் எத்துணைப் பேர்?

பெயரில் என்ன இருக்கிறது என்பார்க்கு இம்மலையே விடை கூறும். மேல்மலையில் இயற்கையாய் அமைந்தவை பரந்த புல்வெளிகளும், பள்ளங்களில் அடர்ந்த சோலைகளுமே. மழையை உறிஞ்சி, ஆண்டு முழுதும் ஊற்றாய்க் கசியவிடுவன இவை. மரமில்லாத நிலம் பயனில்லாத நிலம் என்று கருதிய ஆட்சியர், புல்வெளியைத் 'தரிசு' என்று ஏட்டில் எழுதினர். தரிசாயின் எதையும் நடலாம் அன்றோ? ஆத்திரேலியச் சீகையும் தைலமரமும் ஊசியிலை மரமும் நடப்பெற்றன. வெள்ளையர் தொடங்கியதை விடுதலை பெற்ற அரசும் விரைவுறச் செய்தது. 1973-க்கும் 2014-க்கும் இடையில் இம்மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு அழிந்தது என்று செயற்கைக்கோட் படங்களை ஆய்ந்தோர் 2018-இல் வெளியிட்டனர். பன்னீராண்டுக்கொருகால் பூக்கும் குறிஞ்சி, அப் புல்வெளியிற் பூப்பது. தமிழர் திணைக்கே பெயர் தந்த பூவின் நிலம், 'தரிசு' என்னும் ஒரு சொல்லால் பறிபோயிற்று.

சோலையின் கதை இன்னும் இரங்கத்தக்கது. இக்காட்டுக்கு நிகரான சொல் தம் மொழியில் இன்மையால், மேலை அறிவியலார் தமிழின் 'சோலை'யைக் கடன்கொண்டு தம் வாய்க்கேற்பத் திரித்தனர். அத்திரிபைத் தமிழ்நாட்டு நாளேடுகள் 'ஷோலா' என்று திரும்ப வாங்கி எழுதுகின்றன! தன் வீட்டுப் பொருளை அயலான் கடையில் விலைகொடுத்து வாங்குவார் போன்ற அறியாமை இது.

நிலத்துக்கு நேர்ந்ததே மக்களுக்கும் நேர்ந்தது. வழிவழியாய்க் காட்டில் வாழ்ந்தோர், காட்டுச் சட்டங்களால் 'ஆக்கிரமிப்பாளர்' எனப்பட்டனர். அவர்க்கு இழைக்கப்பட்டது வரலாற்றுக் கொடுமை என்பதை 2006-ஆம் ஆண்டுக் காட்டுரிமைச் சட்டமே தன் முகவுரையில் ஒப்புகின்றது. 1983-இல் இதள்(பாதரசம்) வெப்பமானித் தொழிற்சாலையொன்று இம்மலைமேல் அமைந்தது. நஞ்சு கலந்த கழிவு வெளிப்பட்டதால் 2001-இல் அது மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர் 591 பேர்க்கு இழப்பீடு குறித்த உடன்பாடு 2016-இல்தான் ஏற்பட்டது. ஊர்தி நெரிசலைக் கட்டுப்படுத்தவும் சென்னை உயர்முறைமன்றமே முன்வர வேண்டியதாயிற்று. 2024 மே முதல் மின்னிசைவுச் சீட்டைக் கட்டாயமாக்கிய மன்றம், 2025 கோடையில் நாளொன்றுக்கு 4,000 ஊர்திகள், கிழமை இறுதியில் 6,000 என வரம்பிட்டது. மலையூர்களின் ஊரவைகள் இதனை முன்பே முடிவு செய்திருக்கலாகாதோ?

அயலவர் அனைவரும் ஒரு தன்மையர் அல்லர். அயல்நாட்டிற் பிறந்து, ஈழத்துப் பொன்னம்பலம் இராமநாதனை மணந்த இலீலாவதி அம்மையார், 1936-இல் இங்கு முருகன் கோயில் எழுப்பினார். அதற்குத் தம் பெயரை இட்டாரில்லை. மலையின் பூவைக் கொண்டு குறிஞ்சி ஆண்டவர் கோயில் என வழங்கச் செய்தார். அயலவர் ஒருவர்க்கு இருந்த அவ்வுணர்வு தமிழர்க்கு இல்லாதொழியலாமா?

செய்ய வேண்டுவன அரியன அல்ல. பளியர், புலையர், குன்னுவர் முதியோரிடம் சென்று, ஒவ்வொரு முடிக்கும் ஓடைக்கும் சோலைக்கும் சதுப்புக்கும் அவர் வழங்கும் பெயரைத் தொகுத்தல் வேண்டும். அம்முதியோர் மறையுமுன் இது நிகழ்தல் வேண்டும். அப்பெயர்கள் வழிப்பலகைகளிலும் அரசேடுகளிலும் முதலிடம் பெறல் வேண்டும். பாதை அமைத்த கோக்கரின் பெயரை வரலாற்றுக் கல்லில் எழுதுவது தகும். அதனை மலையின் பெயராக்குவது தகாது. புல்வெளி எங்கெங்கு எஞ்சியுள்ளதோ அங்கெல்லாம் 'தரிசு' என்னும் சொல் நீங்கிப் 'புல்வெளி' என்றே பதிவாதல் வேண்டும். காட்டுரிமை, சட்டத்தில் உள்ளவாறே ஊரவைகளின் கைக்கு வருதல் வேண்டும்.

அடுத்த குறிஞ்சி 2030-இல் பூக்கும். அதற்குள் அப்பெயர்களைத் தொகுத்து முடிக்கத் தமிழாசிரியரும் மாணவரும் மலையேறுவாராக!