அகலம் தெரியாமல் துளையிட வேண்டாம்

பல்லைப் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு அப்படியே நிற்பதில்லை, கரைகிறது. முதல் ஓராண்டிலேயே அகலத்தில் ஏறக்குறைய பாதி போய்விடலாம், அதிலும் பெரும்பகுதி முதல் 3 மாதங்களில். சாதாரண எக்ஸ்ரே உயரத்தைக் காட்டும்; கன்னப்பக்கச் சுவர் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதைக் காட்டாது.

1990களின் இறுதியில் பல் மருத்துவத்துக்கு வந்த கூம்புக்கற்றை சிடி ஸ்கேன் அந்தக் குறையைத் தீர்த்தது. பல்லைப் பிடுங்கும் முன்பும் பின்பும் எடுத்த முப்பரிமாணப் படங்களை, மாறாத எலும்புப் பகுதிகளை ஆதாரமாகக் கொண்டு கணினியில் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தினால், கரைந்த அளவு மில்லிமீட்டர் கணக்கில் தெரிந்துவிடும்.

ஆனால் இழந்த பல்லுக்குப் பதிலாக எலும்பில் பொருத்தும் டைட்டானியம் திருகை, அதாவது இம்பிளான்ட்டைச் சுற்றி, ஸ்கேனில் நிழல் விழும். அங்கே மெல்லிய எலும்பு இருந்தும் இல்லாததுபோல் தோன்றும். கதிர்வீச்சும் சிறு எக்ஸ்ரேயைவிட அதிகம். ஆகவே இம்பிளான்ட் வைக்குமுன் எலும்பின் அகலத்தில் ஐயமிருந்தால் ஸ்கேன் அவசியம். வைத்தபின், வலியோ வீக்கமோ ஆட்டமோ இல்லாதவரை ஆண்டுதோறும் எடுக்கச் சொல்வது நியாயமில்லை. வழக்கமான சோதனைக்குச் சிறு எக்ஸ்ரேயே போதும்.