தீவைச் சுற்றக் கிளம்பிய ஜோடி... குறுக்கே வந்த பச்சைக் கோடு! | கார்ல போலாமா - சைப்ரஸ்

மார்ச் மாதக் கடைசி. லார்னாகா விமான நிலையத்தில் இறங்கி, வாடகைக் காரின் சாவியை வாங்கிய அந்த லண்டன் தம்பதிக்கு முதல் சந்தோஷமே ஸ்டீயரிங்தான். அது வலது பக்கம் இருந்தது! சைப்ரஸ் 1960 வரை பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த தீவு. அதனால் இன்றும் அங்கே நம்மூர் மாதிரி இடது பக்கம்தான் வண்டி ஓட்ட வேண்டும். வாடகைக் கார்களுக்குச் சிவப்பு நிற நம்பர் பிளேட். 'இவர் ஊருக்குப் புதுசு' என்று எதிரில் வருபவருக்கு உடனே தெரிந்துவிடும்.

மனைவி பள்ளி ஆசிரியை. கணவர் மருத்துவமனையில் செவிலியர். கல்யாணமாகி 10 வருடங்களில் இருவருக்கும் ஒரே நேரத்தில் கிடைத்த முதல் நீண்ட விடுமுறை. ஏழு நாளில் தீவை ஒரு முழு வட்டம் அடித்துவிட வேண்டும் என்பது மனைவியின் ஆசை.

முதல் நாள் ராத்திரி தங்கிய வீட்டில், மேப்பை விரித்து பேனாவால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார் அவர். வீட்டுக்காரப் பாட்டி எட்டிப் பார்த்தார். எழுபது வயதைத் தாண்டியவர். வட்டத்தின் கிழக்கு ஓரத்தில், ஃபமகுஸ்தா என்ற ஊரின் மேல் விரலை வைத்தார்.

"இங்கே வரோஷா என்று ஒரு பகுதி இருக்கிறது. கடற்கரைக்குப் போகும் தெருவில் என் அப்பாவின் தையல் கடை. முடிந்தால் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வாருங்கள்."

இங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர்தான். நீங்களே போகலாமே என்று கணவர் கேட்டார்.

"என் வீட்டுக்குப் போக நான் ஏன் அடையாள அட்டை காட்ட வேண்டும்?" என்றார் பாட்டி.

அந்தக் கோடு எப்படி வந்தது?

சைப்ரஸில் கிரேக்க மொழி பேசுபவர்களும் துருக்கி மொழி பேசுபவர்களும் பல தலைமுறைகளாகப் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் வாழ்ந்தவர்கள். சுதந்திரத்துக்குப் பின் மோதல் முற்றியது. தலைநகர் நிகோசியாவில் இரு தரப்பையும் பிரிக்க, பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ஒருவர் வரைபடத்தில் பச்சைப் பென்சிலால் கோடு போட்டார். அதுதான் 'பச்சைக் கோடு'.

1974 ஜூலையில், கிரீஸ் ராணுவ ஆட்சியின் ஆதரவோடு இங்கே ஆட்சிக் கவிழ்ப்பு நடந்தது. ஐந்தே நாளில் துருக்கி ராணுவம் வடக்கில் வந்து இறங்கியது. ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான கிரேக்க சைப்ரஸ் மக்கள் தெற்கே ஓடினார்கள். 40,000-க்கும் மேற்பட்ட துருக்கிய சைப்ரஸ் மக்கள் வடக்கே போனார்கள். இன்று அந்தக் கோடு சுமார் 180 கி.மீ. நீளம். நடுவில் ஐ.நா. படை. வடக்கில் தனி அரசு நடக்கிறது. துருக்கியைத் தவிர வேறு எந்த நாடும் அதை அங்கீகரிக்கவில்லை.

முதல் பாதி: பூவும் பனியும்

லார்னாகா உப்பு ஏரியில், குளிர்காலம் முடிந்து கிளம்பக் காத்திருந்த கடைசி ஃபிளமிங்கோ கூட்டத்தைப் பார்த்துவிட்டு மேற்கே போனார்கள். கூரியோனில் கடலைப் பார்த்தபடி இருக்கும் பழங்காலக் கல் அரங்கம். காதல் தேவதை அஃப்ரோடைட் பிறந்ததாகக் கதை சொல்லும் பாறை. பாஃபோஸில் ரோமானியர் காலத்து மொசைக் தரைகள். வழியெல்லாம் சாலையோரத்தில் மஞ்சள் சாமந்தியும் சிவப்புப் பாப்பிப் பூக்களும். கோடையில் காய்ந்து கிடக்கும் இந்த நிலம் பச்சையாக இருப்பது இந்தச் சில வாரங்களில்தான்.

அடுத்து ட்ரூடோஸ் மலை. உச்சி 1,952 மீட்டர். காலையில் கடற்கரையில் செருப்பில்லாமல் நடந்தவர்கள், மத்தியானம் நிழலில் மிச்சமிருந்த பனியைக் கையில் அள்ளினார்கள்.

அரை மணி நேரச் சண்டை

நான்காம் நாள் நிகோசியா. கடை வீதியான லெட்ரா தெருவில் 2008-ல் திறந்த சோதனைச் சாவடியைப் பாஸ்போர்ட்டைக் காட்டி நடந்தே கடக்கலாம். காருக்குத்தான் சிக்கல். தெற்கில் போட்ட இன்ஷூரன்ஸ் வடக்கில் செல்லாது. ஐயோஸ் டோமெடியோஸ் சாவடியில் தனியாக எடுக்க வேண்டும். அதுவும் மூன்றாம் நபருக்கான இன்ஷூரன்ஸ் மட்டும்தான். தங்கள் கார் அடிபட்டால் மொத்தச் செலவும் இவர்கள் தலையில்.

"காரை இங்கேயே விட்டுவிட்டு நடந்து பார்த்தால் போதும்" என்றார் கணவர். "பாட்டியிடம் என்ன சொல்வது?" என்றார் மனைவி. சாவடிக்கு முன்னால் காரை ஓரம் கட்டி அரை மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் கணவர் பர்ஸை எடுத்தார்.

மறு பாதி

யூரோ போய் துருக்கி லிரா வந்தது. தெற்கில் 'ஹலூமி' என்று சாப்பிட்ட பாலாடைக்கட்டி, இங்கே 'ஹெலிம்'. தெற்கில் 'கிரேக்கக் காபி', வடக்கில் 'துருக்கிக் காபி'. டம்ளரில் இருப்பது ஒன்றுதான்.

கிரீனியா துறைமுகத்தில் காபி கொடுத்த பெரியவர் பாஃபோஸில் பிறந்தவர். பையனாக இருந்தபோது வடக்கே வந்தவர். 2003-ல் முதன்முறையாகச் சாவடிகள் திறந்ததும் பழைய வீட்டைப் பார்க்கப் போயிருக்கிறார். "அங்கே வேறு குடும்பம் இருந்தது. உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்துவிட்டேன்" என்றார்.

கிழக்கே நீண்டிருக்கும் கர்பாஸ் முனையில் காட்டுக் கழுதைகள் கார் ஜன்னலுக்குள் தலையை விட்டன. 1974-ல் கிளம்பிய விவசாயிகள் விட்டுப்போன கழுதைகளின் வாரிசுகள் இவை என்கிறார்கள்.

ஆறாம் நாள் வரோஷா. 46 வருடங்கள் மூடிக் கிடந்த அந்தக் கடலோரப் பகுதியில், 2020 அக்டோபரில் சில தெருக்களை மட்டும் திறந்தார்கள். கட்டடங்களுக்குள் நுழையக் கூடாது. பால்கனிகள் இடிந்து, ஜன்னலுக்குள்ளிருந்து மரம் வளர்ந்து நிற்கிறது. பாட்டி சொன்ன தெருவைத் தேடிப் போனார்கள். முனையிலேயே கயிறு கட்டித் தடுத்திருந்தது. கடை தெரியவில்லை. தெருமுனையை மட்டும் படம் எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் டெரினியா சாவடி வழியாகத் தெற்கே வந்து லார்னாகா சேர்ந்தார்கள். மீட்டரில் 800 கி.மீ. தாண்டியிருந்தது. காரில் ஒரு கீறல்கூட இல்லை.

பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை வாங்கினார். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். "இந்த மரம் அப்போது இல்லை. இதற்குப் பின்னால் மூன்றாவது கதவு" என்றார். அடுத்த படத்தில் சைக்கிளில் போகும் சுற்றுலாப் பயணிகள்.

"இது யாருடைய சைக்கிள்?"

"வாசலில் வாடகைக்குத் தருகிறார்கள் பாட்டி."

"என் தெருவிலா?" என்றார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, காபி போட உள்ளே போனார்.

நீங்களும் போகிறீர்களா?

* மார்ச் கடைசி முதல் மே வரை இதமான வானிலை.

* லார்னாகா அல்லது பாஃபோஸ் விமான நிலையத்தில் இறங்குங்கள். வடக்கு விமான நிலையம் வழியாக நுழைவதை சைப்ரஸ் குடியரசு சட்டவிரோதமாகக் கருதுகிறது.

* காரை வடக்கே கொண்டுபோக அனுமதி உண்டா என்று வாடகை நிறுவனத்திடம் முன்பே கேளுங்கள்.

* ராணுவப் பகுதிகளிலும் சாவடிகளிலும் போட்டோ எடுக்காதீர்கள்.