ஒட்டுப் போடுபவருக்கு என்ன கூலி?

ஓட்டு இல்லை, ஒட்டு. தேர்தல் சமாச்சாரம் என்று நினைத்து உள்ளே வந்தவர்கள் மன்னிக்கவும். இது இரண்டு துண்டுகளை ஒன்றாக்கும் வேலையைப் பற்றியது. ஆங்கிலத்தில் ஸ்பிளைசிங் என்பார்கள். கப்பலில் வடம் பிடிப்பவர், நூல் மில் தொழிலாளி, அந்தக் கால தியேட்டர் ஆபரேட்டர், கட்டடத்தில் கம்பி கட்டுபவர், இன்டர்நெட் கேபிள் இணைப்பவர் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே இராதவர்கள் எல்லாம் செய்வது அடிப்படையில் இந்த ஒரே வேலைதான்.

கயிற்றிலிருந்து ஆரம்பிப்போம். அறுந்த கயிற்றை இணைக்க எல்லோருக்கும் தெரிந்த வழி முடிச்சு. அரை நிமிஷ வேலை. ஆனால் முடிச்சு விழுந்த கயிறு பழைய கயிறு இல்லை. முடிச்சுக்குள் கயிறு சட்டென்று வளைகிறது. அந்த வளைவில் எல்லா நார்களும் சுமையைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ள முடிவதில்லை. எந்த முடிச்சு என்பதைப் பொறுத்து, பலத்தில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை போய்விடும். கிணற்று வாளிக்குப் பரவாயில்லை. கப்பலைக் கரையில் கட்டும் வடத்துக்கு ஆகாது. போதாக்குறைக்கு முடிச்சு கப்பிக்குள் நுழையவும் நுழையாது.

ஒட்டுப் போடத் தெரிந்தவர் வேறு மாதிரி ஆரம்பிப்பார். முதலில் இரண்டு முனைகளையும் பிரித்துப் போடுவார். முப்புரிக் கயிறு என்றால் இந்தப் பக்கம் மூன்று புரி, அந்தப் பக்கம் மூன்று புரி. இதன் புரியை அதன் புரிகளுக்கு இடையில் ஒன்றின் மேல், ஒன்றின் கீழ் என்று நுழைத்துக்கொண்டே போவார். நார்க் கயிற்றுக்கு மூன்று சுற்று போதும். நைலான் வழுக்கும், அதனால் ஐந்து சுற்றாவது வேண்டும். பசை கிடையாது, ஆணி கிடையாது. இழுக்க இழுக்கப் புரிகள் ஒன்றையொன்று இன்னும் இறுக்கிப் பிடிக்கும். ஒழுங்காகப் போட்ட ஒட்டு, கயிற்றின் பலத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கைக் காப்பாற்றிக் கொடுத்துவிடும்.

இதற்கு ஒரு விலை உண்டு. இரண்டு பக்கமும் கொஞ்சம் நீளத்தை இழக்க வேண்டும். பழனி ரோப் கார் மாதிரி இடங்களில் ஓடும் இழுவை வடத்தை யோசித்துப் பாருங்கள். அது சுற்றிச் சுற்றி வரும் வளையம், முனையே கிடையாது. ஆனால் தொழிற்சாலையிலிருந்து வரும்போது அதற்கும் இரண்டு முனை இருந்திருக்கும் இல்லையா? அந்த முனைகளை, சக்கரத்தில் ஏறும்போது தடிமன் வித்தியாசம் தெரியாதபடி இணைக்க வேண்டும். இப்படிப்பட்ட ஒட்டின் நீளம் வடத்தின் விட்டத்தைப் போல 1,200 மடங்காவது இருக்க வேண்டும் என்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விதி வைத்திருக்கிறார்கள். 20 மில்லிமீட்டர் வடத்துக்கு 24 மீட்டர்! ஒரே ஒரு ஒட்டுக்கு.

இங்கேதான் வணிகவியல் மூக்கை நுழைக்கிறது. கணக்குப் புத்தகத்தில் அந்த 24 மீட்டரை எங்கே எழுதுவது? பெரும்பாலும் சேதாரம் என்று எழுதிவிடுவார்கள். உண்மையில் மொத்த வடத்தையும் வேலைக்கு ஆகும்படி செய்வது அந்தச் சேதாரம்தான்.

வீடு கட்டியவர்களுக்கு இந்தச் சண்டை தெரிந்திருக்கும். தூணுக்குள் ஒரு கம்பி முடிந்து அடுத்த கம்பி தொடங்கும் இடத்தில் இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துக் கட்டுவார்கள். ஓவர்லாப் என்பது கொத்தனார் பாஷை. கம்பி விட்டத்தைப் போல 50 மடங்கு விடுவது சைட்டில் வழங்கும் பொதுக் கணக்கு. 16 மில்லிமீட்டர் கம்பிக்கு 80 சென்டிமீட்டர், எடையில் ஒன்றேகால் கிலோ. ‘இவ்வளவு கம்பியை வீணாக்குகிறீர்களே, ஒரு அடி போதாதா’ என்று வீட்டுக்காரர் கேட்பார். போதாது. அங்கே சுமை ஒரு கம்பியிலிருந்து கான்கிரீட்டுக்குப் போய், கான்கிரீட்டிலிருந்து அடுத்த கம்பிக்கு ஏற வேண்டும். அந்தப் பயணத்துக்கு நீளம் வேண்டும். கட்டுக்கம்பி வெறுமனே இரண்டையும் நகராமல் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவே.

சினிமா பிலிமில் கதை கொஞ்சம் மாறும். அறுந்த பிலிமை ஆபரேட்டர் ஒட்டும்போது இரண்டு மூன்று படமாவது வெட்டுப்படும். விநாடிக்கு 24 படம் என்பதால் ஒருமுறை அறுந்தால் யாருக்கும் தெரியாது. ஊர் ஊராகப் போய் ஐம்பது முறை அறுந்த பிரிண்டில் கதாநாயகன் கதவருகே நின்றபடியே திடீரென்று நாற்காலிக்குத் தாவிவிடுவார். டூரிங் டாக்கீஸில் படம் பார்த்த தலைமுறையைக் கேளுங்கள், சொல்வார்கள்.

நூலுக்கு வருவோம். நூற்பாலையில் கோன் சுற்றும் ஆட்டோகோனர் எந்திரம், நூல் ஓடும்போதே தடித்த இடத்தையும் மெலிந்த இடத்தையும் கண்டுபிடித்து வெட்டி எறிந்துவிடும். வெட்டிய இடத்தை இணைக்க முன்பு எந்திரமே முடிச்சுதான் போட்டது. முடிச்சு விழுந்த நூல் திருப்பூருக்குப் போய்ப் பின்னல் எந்திரத்தில் ஏறினால், ஊசியில் சிக்கித் துணியில் ஓட்டை விழும், சில நேரம் ஊசியே உடையும். இப்போது காற்றால் ஒட்டுகிறார்கள். அழுத்தப்பட்ட காற்று முதலில் இரண்டு முனைகளின் முறுக்கையும் அவிழ்க்கும். பிறகு இன்னொரு காற்று வீச்சில் நார்கள் ஒன்றோடு ஒன்று கலந்து பின்னிக்கொள்ளும். கயிற்றுக்காரர் கையால் செய்வதை இது கண்ணிமைக்கும் நேரத்தில் செய்கிறது, முறை அதேதான்.

எந்திரத்துக்கு நெடுங்காலம் முன்பே இதைக் கண்டுபிடித்துவிட்டவர்கள் நம்மூர் நெசவாளர்கள். தறியில் ஒரு பாவு முடிந்ததும் அடுத்த பாவை ஏற்ற வேண்டும். அச்சிலும் விழுதிலும் மறுபடி ஆயிரக்கணக்கான இழைகளைக் கோப்பதற்குப் பதிலாக, பழைய இழையின் முனையோடு புது இழையை ஒவ்வொன்றாகப் பிணைப்பார்கள். விரல் நுனியில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு ஒரு திரி திரித்தால் முடிந்தது. முடிச்சு இல்லை, அதனால் அச்சில் சிக்காமல் நழுவிப் போய்விடும். காஞ்சிபுரம் பட்டில் உடலும் முந்தியும் வேறு வேறு நிறமாக இருந்தால் செய்யும் ‘பிட்னி’யும் இந்தக் குடும்பம்தான். உடல் பாவின் இழைகளோடு முந்திப் பாவின் இழைகளைக் கையால் பிணைத்துத்தான் தொடர்ந்து நெய்ய வேண்டும். புடவை கிழிந்தாலும் முந்தி தனியே பிரிந்து வராது என்று கடைக்காரர் பெருமையடிப்பது இந்த இணைப்பை வைத்துத்தான்.

சரி, இதற்கு என்ன கூலி? பேசப்படுவது புடவைக்கு இவ்வளவு என்ற நெசவுக் கூலி. பாவு பிணைப்பது, நூல் சுற்றுவது போன்ற வேலைகள் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் கையில் அந்தக் கூலிக்குள்ளேயே கரைந்துவிடுகின்றன. மில்லிலும் பெரிய வித்தியாசமில்லை. ஓடும் எந்திரத்தில் அறுந்த இழையை விரலால் இணைக்கும் ‘பீசிங்’ வேலையில் இளம்பெண்கள்தான் அதிகம். ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் மூன்று வருஷ முடிவில் மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்லி அவர்களை ஆலை விடுதிகளில் வைத்திருந்ததைப் பற்றி 2000-க்குப் பிறகு எவ்வளவு புகார்கள் வந்தன என்பது பத்திரிகை படிப்பவர்களுக்குத் தெரியும். நூலின் விலை எடைக்கு. அது அறாமல் தொடர்ந்ததற்கு விலை இல்லை.

இணைப்பை யாரும் கணக்கில் எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் அட்லாண்டிக் கடலுக்கு அடியில் இருக்கிறது. 1857-ல் அயர்லாந்துக்கும் வட அமெரிக்காவுக்கும் இடையே தந்தி கேபிள் போட ஒரு கம்பெனி கிளம்பியது. தேவை 2,500 கடல் மைல் கேபிள். நேரம் குறைவு என்பதால் ஆர்டரைப் பாதிப் பாதியாகப் பிரித்து, கிரீனிச்சில் இருந்த கிளாஸ், எலியட் நிறுவனத்துக்கும் பர்க்கன்ஹெட்டில் இருந்த ஆர்.எஸ். நியூவால் நிறுவனத்துக்கும் கொடுத்தார்கள். புத்திசாலித்தனமான கொள்முதல், இல்லையா? கேபிள் தயாரான பிறகுதான் தெரிந்தது, மேலே சுற்றிய இரும்புக் கம்பி உறை ஒன்றில் வலமாகவும் மற்றதில் இடமாகவும் முறுக்கப்பட்டிருந்தது. முறுக்கிய வடத்தில் சுமை ஏறினால் அது தன் முறுக்கை அவிழ்த்துக்கொள்ளப் பார்க்கும். எதிரெதிர் முறுக்குள்ள இரண்டை இணைத்தால் இதன் அவிழ்ச்சிக்கு அது உதவி செய்யும், ஒட்டு சுழன்று பிரிந்துகொள்ளும். வேறு வழியில்லாமல் ஒட்டைச் சுழலாமல் பிடிக்க ஒரு மரச்சட்டம் செய்து மாட்டினார்கள். 1858 ஜூலை 29 அன்று நடுக்கடலில் அகமெம்னான், நயாகரா என்ற இரண்டு கப்பல்களும் சந்தித்து, முனைகளை இணைத்துக் கடலில் இறக்கி, ஒன்று கிழக்கேயும் மற்றொன்று மேற்கேயும் புறப்பட்டன. ஆகஸ்ட் 5-ல் கரை சேர்ந்தன. கேபிள் ஏறத்தாழ மூன்று வாரம்தான் பேசியது. நியாயமாகச் சொன்னால் அது செத்தது ஒட்டால் அல்ல, மோசமான மின்காப்பும் அளவுக்கு மீறி ஏற்றிய மின்னழுத்தமும்தான் காரணம். ஆனாலும் இரண்டு ஆலைகளுக்கும் ‘எந்தப் பக்கம் முறுக்க வேண்டும்’ என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் அந்த மரச்சட்டத்துக்கே வேலையில்லை. ஆர்டரைப் பிரித்தவர்கள் மைல்களை மட்டும் பிரித்தார்கள், நடுவில் இருந்த ஒட்டு யார் தலையிலும் விழவில்லை.

இப்போது செம்புக்குப் பதில் கண்ணாடி இழை. உறையோடு சேர்த்து 125 மைக்ரான், கிட்டத்தட்ட தலைமுடி கனம். ஒளி ஓடும் உள்மையம் 9 மைக்ரான் அளவே. இரண்டு முனைகளையும் செங்குத்தாக வெட்டி, நேருக்கு நேர் வைத்து, மின்பொறியில் உருக்கி ஒன்றாக்குகிறார்கள். கடையோரமாக ஒரு குடைக்கு அடியில் சின்னப் பெட்டியை வைத்துக்கொண்டு குனிந்திருக்கும் பையனைப் பார்த்திருப்பீர்கள். அவர் செய்வது அதைத்தான். வெட்டு சாய்ந்தாலோ தூசி ஒட்டினாலோ ஒளி கசியும்.

எவ்வளவு கசியும்? ஒரு சின்னக் கணக்கு. சென்னை முதல் மதுரை வரை ஏறத்தாழ 460 கிலோமீட்டர். கேபிள் டிரம் 2 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 230 துண்டு, 229 ஒட்டு. 24 இழைக் கேபிள் என்றால் 5,496 முறை உருக்க வேண்டும். நல்ல ஒட்டில் இழப்பு 0.05 டெசிபல், அவசர ஒட்டில் 0.1 என்று கொள்வோம். பார்க்க அற்ப வித்தியாசம். ஒரு இழையின் 229 ஒட்டுகளுக்கும் கூட்டினால் 11.45 டெசிபல். இழை தானாக இழப்பது கிலோமீட்டருக்கு 0.2 டெசிபல் அளவு என்பதால், இது 57 கிலோமீட்டர் கூடுதல் இழைக்குச் சமம். அதாவது அவசர ஒட்டுகள் மதுரையை விருதுநகருக்கு அப்பால் தள்ளி வைத்துவிடுகின்றன.

‘அதற்குத்தான் டெண்டரில் ஒட்டுக்கு என்று தனி ரேட் போடுகிறார்களே’ என்று கேட்கலாம். போடுவதும் உண்டு. ஆனால் ஒப்பந்தம் கைமாறிக் கைமாறிக் கீழே இறங்கி அந்தக் குடைக்கு அடியில் வரும்போது அது எண்ணிக்கைக்கான கூலியாகிவிட்டால், வேகமாக முடிப்பவருக்குத்தான் லாபம். சந்தேகப்பட்ட ஒட்டை வெட்டிவிட்டு மறுபடி போடுபவர் தன் காசை இழக்கிறார். அக்கறைக்கு அபராதம் போடும் கூலிமுறை இது. எந்திரம் வந்தால் ஆள் தேவையில்லை என்ற வாதமும் இங்கே செல்லாது. உருக்குவதை எந்திரம் செய்யும். துடைப்பதும் வெட்டுவதும் இன்னும் விரல்கள்தான்.

இத்தனைக்கும் தரத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமான காரியமே இல்லை. ஓடிடிஆர் என்ற கருவியை ஒரு முனையில் மாட்டி ஒளித்துடிப்பை அனுப்பினால், எந்தத் தூரத்தில் எந்த ஒட்டு எவ்வளவு இழக்கிறது என்று படமாக வரைந்துவிடும். இரண்டு முனையிலிருந்தும் பார்த்துச் சராசரி எடுத்தால் இன்னும் துல்லியம். வேலை முடிந்ததும் இந்தப் படத்தை எப்படியும் எடுக்கத்தான் செய்கிறார்கள். பில்லோடு அதை இணைத்து, ஒட்டு வாரியாக இழப்பைப் பார்த்து, 0.05-க்குள் இருந்தால் இவ்வளவு கூடுதல் என்று, இழையை உருக்கியவர் பெயரிலேயே கொடுக்க அட்டவணையில் ஒரு காலம் சேர்த்தால் போதும்.