எது மரபு?

அமெரிக்க மோகம் நம் பண்பாட்டை அழிக்கிறது என மேடைதோறும் ஓலமிடுவோரை ஒன்று கேட்போம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார், நூல்களையும் தமிழாக்கினார். மதம் பரப்ப வந்தவர்தாம். ஆயினும் தமிழால் முடியுமென்று காட்டினார். இன்று யாழ் மருத்துவபீடத்தின் போதனாமொழி ஆங்கிலம். அதற்காக இக்காவலர் கண்ணீர் வடித்ததுண்டா?

1968இல் மாவிட்டபுரத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் ஆலயத்துள் நுழைய முயன்றனர். வாயிலை மறித்தோர் ஓதிய மந்திரமும் ‘மரபு’தான். 1955இல் மொன்ற்கொமறிக் கறுப்பின மக்கள் பேருந்துகளைப் பகிஷ்கரித்தபோது, வெள்ளை ஆதிக்கமும் தன் வழமையையே காட்டி நின்றது.

ஆதிக்கத்தின் மரபு எங்கும் ஒன்றே. அதை எதிர்ப்போரின் மரபும் ஒன்றே. அமெரிக்க டாம்பீகத்தைத் தள்ளுவோம். அம்மக்களின் போர்க்குணத்தைக் கொள்வோம். முதலில் நம் வாயில்களைத் திறப்போம்.